பழைய காரின் எஞ்சின்: திருத்துவதா? விற்பதா?

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த போது ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் என் தோளைத் தொட்டு, "ஹஸரத், உங்கட காருக்குப் பின்னால வந்தா ரோடே தெரியுதில்ல. ஒரு மேகமே வருது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறருக்குத் தொல்லை கொடுக்கும் பொருளைப் பாதையிலிருந்து அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று முதல் நாள்தான் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருந்தேன். கல்லையும் முள்ளையும் அகற்றச் சொன்னவனின் வாகனமே பாதையை மறைத்துக்கொண்டு போகின்றது!

மௌலவியிடம் மக்கள் வாரிசுரிமையைக் கேட்பார்கள், தலாக்கைக் கேட்பார்கள், ஸகாத்தைக் கேட்பார்கள். "காரின் எஞ்சினைச் செய்வதா, காரை விற்பதா?" என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்கே அந்தக் கேள்வி வந்த பிறகுதான், இதற்குள்ளும் மார்க்கம் பேசும் இடங்கள் எத்தனை இருக்கின்றன என்பது விளங்கியது. நம் குடும்பங்கள் பலவற்றின் வாசலில் இருபது, முப்பது, நாற்பது வருடம் ஓடிய வாகனங்கள் நிற்கின்றன. ஆகவே நான் பட்ட பாட்டை எழுதுவது யாருக்காவது உதவும் என்று நினைக்கின்றேன்.

எங்களுடையது டொயோட்டா கொரொல்லா டீ.எக்ஸ். வேகன். 1290 சீ.சீ. கொண்ட 4கே எஞ்சின். மாமனார் மவ்த்தான பின் எங்களுக்கு வந்தது. பிள்ளைகளை விடுவதும் எடுப்பதும் போக, மாதம் ஒரு முறை உம்மாவை மாவனல்லையிலிருந்து கண்டிக்குக் கண் கிளினிக்குக்குக் கொண்டு செல்வதுதான் அதன் பெரிய வேலை. உம்மாவுக்கு முழங்கால் வலி. பஸ்ஸில் ஏறி இறங்க இயலாது. மாவனல்லையிலிருந்து கண்டிக்குப் போக கடுகண்ணாவை ஏற்றம் ஏறியே ஆக வேண்டும். எஞ்சினின் உண்மையான நிலையை அறிய விரும்புகிறவர்களுக்கு அந்த ஏற்றத்தை விடப் பெரிய பரீட்சை மண்டபம் கிடையாது. சமதரையில் மறைந்திருக்கும் குறையெல்லாம் அங்கே வெளியே வந்துவிடும்.

அந்த மாதம் பாதி ஏற்றத்தில் காரை ஓரமாக நிறுத்த வேண்டி வந்தது. வெப்பமானியின் முள் மேலே போய் நின்றது. பின்னால் நீலப் புகை. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. தஸ்பீஹை எடுத்து ஓதத் தொடங்கினார்.

ஆளுக்கொரு ஆலோசனை

முதலில் காட்டிய கராஜில் பொனட்டைத் திறந்தார்கள், ஸ்டார்ட் செய்தார்கள், சைலன்சர் வாயில் கையை வைத்துப் பார்த்தார்கள். "எஞ்சின் போய்ட்டு. முழுசாச் செய்யணும்" என்றார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு தொகையையும் சொன்னார்கள். எது பழுது, எதை மாற்றுவது, லேத் வேலை எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அவுத்தாத்தான் தெரியும்" என்பதே பதில். அவிழ்த்தால்தான் தெரியும் என்றால், அவிழ்க்க முன் சொன்ன தொகை எங்கிருந்து வந்தது? நான் கேட்கவில்லை. வாய் வரை வந்தது.

அடுத்து வந்தவர் ஒரு வாகனத் தரகர். நல்ல மனிதர், ஐவேளைத் தொழுகையாளி. "ஹஸரத், என்னத்துக்குக் கரைச்சல் படுறீங்க? தடிச்ச ஒயிலா ஊத்துங்க. அதோட போடுற மருந்தொண்டும் ஈக்குது. ரெண்டு கிழமைக்குப் புகை நிக்கும். அதுக்குள்ள வித்துத் தாறேன்" என்றார். அவர் சொன்னதில் தொழில்நுட்ப ரீதியாகப் பொய்யில்லை. தடித்த ஒயில் தேய்ந்த ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சிறிது காலம் அடைக்கத்தான் செய்யும். வாங்குகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒயில் மாற்றும் அன்றைக்குத்தான் விஷயம் வெளியாகும்.

மூன்றாவது என் மச்சான். "இந்தப் பழசக் கட்டி அழாம லீசிங் ஒண்டப் போட்டுப் புதுசா எடுங்களேன்" என்றார். 2020ஆம் ஆண்டு கொரோனாவோடு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், அதன் பிறகு பாவித்த வாகனங்களின் விலை எங்கே போனது என்பதும் எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறக்கப்பட்டது உண்மைதான். ஆனால் வரிகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மத்ரஸா சம்பளக்காரனுக்கு அந்தக் கதவு திறந்தும் மூடியதே. வட்டியில்லாத முறையில் வாகனம் தரும் வழிகள் நம் நாட்டில் உள்ளன. விசாரித்தேன். தவணைத் தொகை என் சம்பளத்தில் பாதியைக் கேட்டது. ஹலாலான கடன் என்பதற்காகத் தாங்க முடியாத கடனைத் தலையில் ஏற்றுவதா?

புகை சொல்லும் செய்தி

இந்த நிலையில் என் மாணவர் ஒருவரின் தந்தை, கேகாலைப் பக்கத்திலுள்ள வயதான ஒரு சிங்கள பாஸிடம் அனுப்பி வைத்தார். "அவர் முதலில் அளப்பார், பிறகுதான் பேசுவார்" என்பதே அவரைப் பற்றிக் கிடைத்த அறிமுகம். அது எனக்குப் பிடித்தது.

பாஸ் என்னிடம் கேட்ட முதல் கேள்வி எஞ்சினைப் பற்றியதல்ல. காரின் அடியில் குனிந்து, தரைத் தகட்டையும் சேசிஸ் பகுதிகளையும் கதவு நிலைகளையும் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனார். "கூடு உக்கியிருந்தால் எஞ்சினைத் தொட மாட்டேன் மௌலவி. எஞ்சினைத் திரும்பச் செய்யலாம். உக்கிய கூட்டை ஒட்டலாமே தவிர, பழையபடி ஆக்க முடியாது" என்றார். மாமனார் வருடா வருடம் அடிப்பக்கம் பூச்சுப் போட்டு வைத்திருந்ததன் பலன் அன்று தெரிந்தது. இரண்டு இடத்தில் மட்டுமே துரு. கியர் பெட்டியும் பின் அச்சும் நல்ல நிலை. இந்த வரிசையை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கூடு தேறினால்தான் எஞ்சினைப் பற்றிய பேச்சு.

அதற்குப் பிறகுதான் புகைக்கு வந்தார். புகையின் நிறமும் அது வரும் நேரமும் பாதிக் கதையைச் சொல்லிவிடும் என்பது அவர் கணக்கு. கறுப்புப் புகை என்றால் பெற்றோல் அதிகமாகப் போகின்றது. கார்பரேட்டரையும் எயார் பில்டரையும் பார்த்தால் போதும், எஞ்சினில் கைவைக்கத் தேவையில்லை. எஞ்சின் சூடான பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கெஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். நீலம் என்றால் ஒயில் எரிகின்றது. அந்த நீலத்திலும் இரண்டு வகை. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு முறை "புஸ்" என்று வந்து நின்றுவிட்டாலும், இறக்கத்தில் காலை எடுத்துவிட்டுத் திரும்ப அழுத்தும்போது மட்டும் வந்தாலும் அது பெரும்பாலும் மேலே உள்ள வால்வ் சீல்களின் தேய்வு. ஹெட் வேலையோடு முடியும். ஏற்றத்தில் அழுத்த அழுத்த வந்துகொண்டே இருந்தால் கீழே ரிங்கையும் சிலிண்டரையும் பார்க்க வேண்டும்.

எங்களுடையதில் இரண்டும் இருந்தன.

பிறகு எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, கொயில் வயரை எடுத்துவிட்டு, எக்சலேட்டரை முழுமையாக அழுத்தி வைக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வைத்து ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தத்தை அளந்தார். முதலாவதில் 145 இறாத்தல், மூன்றாவதில் 140, நான்காவதில் 145. இரண்டாவதில் 100. அதன் பிறகு அந்த இரண்டாவது சிலிண்டருக்குள் ஒரு சிறு கரண்டி ஒயிலை ஊற்றி மறுபடியும் அளந்தார். 135க்கு ஏறியது. "ஏறாவிட்டால் வால்வ். ஏறினால் ரிங். ஒயில் போய் ரிங்கின் ஓட்டையை அடைத்ததால்தான் ஏறியது" என்றார். தரகர் சொன்ன தடித்த ஒயிலும் இந்த ஒரு கரண்டி ஒயிலும் செய்வது ஒரே வேலைதான். ஒருவர் குறையை மறைக்க ஊற்றச் சொன்னார், மற்றவர் குறையைக் கண்டுபிடிக்க ஊற்றினார்.

இந்தச் சோதனைக்கு எடுத்தது அரை மணித்தியாலத்துக்கும் குறைவு. எஞ்சினை அவிழ்க்கவே இல்லை. அவிழ்த்தால்தான் தெரியும் என்று சொன்னவர்களை நினைத்துக்கொண்டேன்.

ஏன் இப்படி ஆனது என்றும் கேட்டேன். ஒயிலை எப்போது மாற்றினீர்கள் என்று திருப்பிக் கேட்டார். 2022ஆம் ஆண்டு பெற்றோல் வரிசைகளில் மணிக்கணக்காக எஞ்சினை நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் செய்து நகர்ந்த காலத்தில், லீற்றர் 470 ரூபாய்க்குப் பெற்றோல் விற்ற அந்த நாட்களில், ஒயில் மாற்றும் செலவை இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தேன். ரேடியேட்டரையும் பல வருடமாகக் கழுவவில்லை. பாஸ் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

விற்கலாம், ஆனால் எப்படி?

இனி மார்க்கத்துக்கு வருவோம். காரை விற்பது ஆகுமானதே. பழுதான காரை விற்பதும் ஆகுமானதே. பழுதை மறைத்து விற்பதுதான் ஆகாது. நபி (ஸல்) அவர்கள் மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு விற்பனையாளரைக் கண்டித்த சம்பவத்தை அறியாத முஸ்லிம் இல்லை. ஈரமான தானியத்தை விற்க வேண்டாம் என்று அங்கே சொல்லப்படவில்லை. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதே கேள்வி. என் காரின் ஈரம் இரண்டாவது சிலிண்டருக்குள் இருக்கின்றது. யாரும் கையை விட்டுப் பார்க்க முடியாத இடம். ஆகவே வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

மறைத்து விற்றால் வாங்கியவருக்கு அந்த விற்பனையை முறிக்கும் உரிமை உண்டென்று பிக்ஹு நூல்களில் குறைபாட்டின் காரணமான தெரிவுரிமை என்ற பாடத்தில் ஓதுகின்றோம். அந்தப் பாடத்தை அடிமை, ஒட்டகம், பால் மடி கட்டிய ஆடு என்ற உதாரணங்களோடு மட்டும் மாணவர்களுக்கு நடத்திவிட்டுப் போகின்றோம். தடித்த ஒயில் ஊற்றிய எஞ்சினும் பால் கறக்காமல் மடியைக் கட்டிவைத்த ஆடும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டியவை என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது.

உள்ளதைச் சொல்லி விற்றால் என்ன விலை வரும் என்று தரகரிடமே கேட்டேன். அவர் சொன்ன விலைக்கும் நல்ல எஞ்சினோடு விற்கும் விலைக்கும் இடையிலான வித்தியாசம், எஞ்சினைச் செய்யும் செலவை விட அதிகமாக இருந்தது. புகையைக் கண்டதும் வாங்குகிறவர் எஞ்சினின் விலையை மட்டும் கழிப்பதில்லை, தன் பயத்தின் விலையையும் சேர்த்துக் கழிக்கின்றார். கணக்கின் இந்தப் பக்கத்தைப் பலர் பார்ப்பதில்லை. அத்தோடு வருடாந்தப் புகைப் பரிசோதனையில் சித்தியடையாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. எப்படியும் யாரோ ஒருவர் இந்த எஞ்சினுக்குச் செலவழித்தே ஆக வேண்டும்.

பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சின் ஒன்றை வாங்கிப் போட்டால் என்ன என்றும் யோசித்தேன். விரைவான வழி. ஆனால் அதுவும் பழையதே. எத்தனை வருடம் ஓடியது, எப்படி ஓடியது என்பதற்குச் சாட்சியில்லை. அழுத்தத்தை அளந்து பார்த்து, திருப்பிக் கொடுக்கும் உத்தரவாதத்தோடு வாங்குகிறவர்களுக்கு அது பொருந்தலாம். அத்தோடு எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் உள்ளது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்த வேண்டும். பலர் இதைச் செய்யாமல் விட்டு, விற்கும் நாளில் மாட்டிக்கொள்கின்றனர்.

பேச்சும் கூலியும்

பாஸ் இரண்டு கட்டமாகப் பேசினார். முதல் கட்டம், எஞ்சினை இறக்கி அவிழ்த்து அளப்பது. அதற்கு ஒரு கூலி. அளவுகளைக் காட்டிய பின் இரண்டாம் கட்டத்துக்கு எழுத்தில் விலை. பிடிக்காவிட்டால் முதல் கூலியோடு காரை எடுத்துக்கொண்டு போகலாம். கூலிக்கு அமர்த்தும் ஒப்பந்தத்தில் வேலையும் கூலியும் அறியப்பட்டிருக்க வேண்டும் என்று ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் ஓதிய எனக்கு, அதை ஒரு பௌத்த மனிதர் கிறீஸ் படிந்த கையோடு எவ்வளவு சுத்தமாக நடைமுறைப்படுத்துகின்றார் என்று ஆச்சரியமாக இருந்தது. நாம் "பாத்துச் செய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போய், பிறகு பில்லைக் கண்டு சண்டை பிடிக்கின்றோம். அந்தச் சண்டையில் பாதித் தவறு நம்முடையது.

அவிழ்த்தபோது இரண்டாவது பிஸ்டனின் மேல் ரிங் உடைந்து, சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருந்தது. விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். நகம் தட்டியது. மற்ற மூன்றிலும் மேல் ஓரத்தில் வரம்பு போலத் தேய்வு. ரிங் திரும்பும் அந்த இடத்தில்தான் சூடு அதிகம், ஒயில் குறைவு. இந்த நிலையில் ரிங்கை மட்டும் புதிதாகப் போட்டால் காசு மிஞ்சும். ஆனால் முட்டை வடிவமாகத் தேய்ந்த சிலிண்டரில் வட்டமான ரிங் படியாது, சில மாதங்களில் பழைய புகை திரும்பி வரும் என்றார். ஹெட்டை மட்டும் செய்தாலும் ஆபத்து. மேலே இறுக்கமானதும் தேய்ந்த கீழ்ப்பகுதி முன்னை விட அதிகமாக ஒயிலை இழுக்கும். ஆகவே நான்கு சிலிண்டர்களையும் 75 மில்லிமீற்றரிலிருந்து அரை மில்லிமீற்றர் போர் பண்ணி, அதற்குரிய பெரிய பிஸ்டன்கள் போட வேண்டும். இதற்கு முன் ஒரு முறையும் போர் பண்ணப்படாத புளொக் என்பது நல்ல செய்தி. இன்னொரு முறைக்கும் இடம் இருக்கின்றது. கிராங்க் ஷாப்ட் அளவு சரி, பெயாரிங் மட்டும் மாற்றினால் போதும். ஹெட்டுக்கு வால்வ் வேலை, சீல்கள். ரேடியேட்டர் கழுவுதல். இதைச் செய்யாமல் எஞ்சினைச் செய்வது வீண் என்று இரண்டு முறை சொன்னார்.

விலையை எழுதித் தந்தார். நல்ல நிலையிலுள்ள இப்படியொரு கார் விற்கும் விலையில் ஆறில் ஒன்றுக்குக் கிட்ட. நியாயம்தான். ஆனால் என்னிடம் அதில் பாதிதான் இருந்தது.

உம்மாவின் காசு

இதை எழுதுவதா என்று யோசித்தேன். எழுதுகின்றேன். உம்மாவை உம்ராவுக்கு அனுப்புவதற்காக நானும் இரண்டு சகோதரிகளும் மாதா மாதம் சேர்க்கும் பணம் ஒன்று என் பெயரிலுள்ள கணக்கில் இருக்கின்றது. அன்றிரவு படுக்கையில் என் மனம் அந்தப் பணத்துக்குப் போனது. "எப்படியும் உம்மாவின் கிளினிக்குக்குத்தானே கார், இரண்டு மூன்று மாதத்தில் திருப்பி வைத்துவிடலாம், சொன்னால் வீணாகக் கவலைப்படுவார்கள்" என்றெல்லாம் காரணங்கள் வரிசையாக வந்தன. அமானிதத்தைப் பற்றி எத்தனை குத்பா ஓதியிருப்பேன்! அந்தக் காரணங்கள் எவ்வளவு அழகாக இருந்தன என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது.

சிலர் இப்படியான நேரத்தில் இஸ்திகாராத் தொழுதுவிட்டுக் கனவை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றனர். கனவு வர வேண்டும் என்பது நிபந்தனையல்ல. தெரிந்தவரிடம் கேட்டு, உரியவரோடு மஷூரா செய்து, அல்லாஹ்விடம் நலவைக் கேட்டுவிட்டுக் காரியத்தில் இறங்குவதுதான் முறை. நான் சுபஹுக்குப் பின் மூத்த தாத்தாவுக்கு டெலிபோன் எடுத்தேன். முழுவதையும் சொன்னேன், இரவு வந்த எண்ணம் உட்பட. சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. "எடுங்க தம்பி. ஆனா உம்மாட்டக் கேட்டுட்டு எடுங்க. காசு எங்கட, பயணம் அவங்கட" என்றார். தங்கையும் சம்மதித்தாள்.

உம்மாவிடம் சொன்னபோது, "கண்டிக்கே போக ஏலாட்டி மக்காக்கு எப்படிப் போற மகன்?" என்றார். பிறகு, "எப்ப திருப்பி வெக்கிறண்டு எழுதுங்க" என்றும் சேர்த்துக்கொண்டார். கடனை எழுதும்படி ஏவும் ஆயத்து குர்ஆனிலேயே மிக நீண்ட ஆயத்து என்பதை நான் அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஒரு கொப்பித் தாளில் தொகையையும் பத்து மாதத் தவணையையும் எழுதி, மனைவியின் சகோதரர்கள் இருவரைச் சாட்சிக் கையொப்பமிட வைத்தேன். லீசிங் போடச் சொன்ன மச்சானும் அதில் ஒருவர். "கடைசியில எங்கடயும் லீசிங்தான்" என்று சிரித்தார். வட்டியில்லாத லீசிங் என்றேன்.

வேலை மூன்று வாரம் பிடித்தது. கழற்றிய பழைய பிஸ்டன்களையும் உடைந்த ரிங்கையும் பெயாரிங்குகளையும் பாஸ் ஒரு பெட்டியில் போட்டுத் தந்தார். கேட்காமலே தந்தார். கேட்டு வாங்குவதும் நம் உரிமைதான். முதல் 1000 கிலோமீற்றருக்கு வேகம் வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவும் வேண்டாம், பாரம் ஏற்றவும் வேண்டாம், ரிங் சுவரோடு படியும் காலம் இது என்றார். 500இல் ஒரு முறை, 1000இல் ஒரு முறை ஒயில் மாற்றச் சொன்னார். இரண்டையும் நாள் தவறாமல் செய்தேன். 1000 முடிந்ததும் மறுபடி அழுத்தத்தை அளந்தார். நான்கும் 155க்கும் 160க்கும் இடையில். புகைப் பரிசோதனையிலும் சித்தி. பின்பக்க ஒயில் சீலில் ஒரு சொட்டு கசிகின்றது. அதற்காகக் கியர் பெட்டியை இறக்க வேண்டும், இப்போதைக்குப் பார்த்துக்கொண்டிருங்கள் என்றார். காலையில் போர்ட்டிகோவில் ஒரு கார்ட்போர்ட் துண்டு போட்டு வைத்திருக்கின்றேன்.

போன மாதம் உம்மாவைக் கொண்டு கடுகண்ணாவை ஏறினேன். பழைய குகைப்பாறை வளைவில் வழக்கம் போல வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் நடுவில் நின்றது. பின்னால் கண்ணாடியில் பார்த்தேன், புகையில்லை. மறுபடியும் வெப்பமானியைப் பார்த்தேன்.

"அந்த ஊசியப் பாத்தது போதும் மகன், ரோட்டப் பாருங்க" என்றார் உம்மா. தவணையில் இன்னும் நான்கு மாதம் பாக்கி இருக்கின்றது.